விற்பவர் தமிழர் என்றால் விலை குறையுமா?

கேள்வி: சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். விற்பவர் தமிழராக இருந்தால் துணிந்து குறைத்துக் கேளுங்கள், அவர்களிடம் வாங்கச் சீனர்கள் வரமாட்டார்கள் என்று எங்கள் முகவர் சொல்கிறார். இது உண்மையா? எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்?

பதில்:

உங்கள் முகவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழரான நாங்கள் வீடு விற்றபோது, அந்தப் பாதியை மட்டும் நம்பி எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியவர்களை வரிசையாகப் பார்த்தவள் நான். அதனால்தான், வழக்கமாக வாசித்துவிட்டுப் பேசாமல் போகும் நான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் முதல் வீடு வாங்கும் இளம் தம்பதியர் என்றும், கையில் ரொக்கம் அதிகம் இருக்காது என்றும் எண்ணிக்கொள்கிறேன். குறைத்துக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் ‘பேரம் பேசுவதே பாவமா?’ என்று யாராவது கீழே வந்து கேட்பார்கள்.

உண்மையான பாதி இதுதான். அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடுகளில் 1989 மார்ச் முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87 விழுக்காட்டையும், மலாய்க்காரர் 25 விழுக்காட்டையும், இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து 15 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. வட்டார அளவில் இவற்றைவிடச் சற்றுக் குறைவான வரம்புகள் தனியே இருக்கின்றன. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டால், அங்குள்ள சீனர் தம் வீட்டை இன்னொரு சீனருக்குத் தாராளமாக விற்கலாம், ஏனென்றால் அதனால் கணக்கு மாறுவதில்லை. அதே மாடியில் அதே அளவு வீட்டை வைத்திருக்கும் இந்தியரோ சீனருக்கு விற்க முடியாது. இந்நாட்டுவாசிகளில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சீனர்கள் என்பதால், அந்த வீட்டை வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை எப்படிச் சுருங்கிவிடும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

உங்கள் முகவர் சொல்லாமல் விட்ட பாதியும் உண்டு. சீனர் வரம்பு நிறையாத புளோக்கில் தமிழர் ஒருவர் விற்கும் வீடும் சீனர் விற்கும் வீடும் சட்டத்தின் முன் ஒன்றுதான். இந்தியர் வரம்பு நிறைந்துபோன புளோக்கிலோ நிலைமை தலைகீழ். அங்கே குடியேற விரும்பும் இந்தியர் இன்னோர் இந்தியரிடமிருந்துதான் வாங்க முடியும் என்பதால், விற்பவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு விலை சொல்வார். இந்தக் கணக்கு மாதந்தோறும் மாறக்கூடியது. வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணைக் கொடுத்தால் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். ஆகவே தமிழர் என்றாலே இளைத்தவர் என்று நினைத்து எல்லா வீட்டுக் கதவையும் ஒரே மாதிரித் தட்டாதீர்கள்.

எங்கள் வீடு சுவா சூ காங்கில் இருந்தது. நாலறை வீடு, நடுமாடி, ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரம். 2019ஆம் ஆண்டில், மாமியாரையும் எங்களோடு வைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் ஐந்தறை வீட்டுக்கு மாறத் தீர்மானித்தோம். மேல்மாடியில் எங்களுடையதைப் போன்றே ஒரு வீடு சில மாதங்களுக்கு முன்பு 350,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) ஒட்டி விலைபோயிருந்ததால் நாங்களும் அதையே சொன்னோம். சீனர் வரம்பு நிறைந்த புளோக் எங்களுடையது என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. விளம்பரம் போட்ட முதல் வாரத்தில் அழைத்த முகவர்களில் பெரும்பாலோர், விற்பவர் இந்தியர் என்று தெரிந்ததும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்தார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை, விதி அப்படி.

வருத்தமெல்லாம் உள்ளே வந்தவர்கள் நடந்துகொண்ட முறையில்தான். விற்பவர் எந்த அவசரத்தில் இருக்கிறார் என்று மோப்பம் பிடிப்பதற்காகவே சிலர் வீடு பார்க்க வருகிறார்கள் என்பதை நான் அந்த மாதங்களில் கற்றுக்கொண்டேன். அவர்கள் சமையலறைக்குள் தலையை நீட்டுவார்கள், குளியலறைக் கதவைத் திறந்து மூடுவார்கள், ஆனால் கண் வீட்டின்மேல் இருக்காது. “விளம்பரம் போட்டு எவ்வளவு நாள் ஆச்சு? அடுத்த வீடு பார்த்தாச்சா?” என்பதே முதல் கேள்வியாக இருக்கும். ஒருவர் விலையை உயர்த்தி எழுதிக் கடனைக் கூடுதலாக வாங்கிக்கொள்வதாகவும், மிகுதியை நாங்கள் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். பொய் விலை அறிவிப்பது குற்றம் என்று என் கணவர் சொன்னதும், எல்லாரும் செய்வதுதானே என்று சிரித்தார். அவரை மாடிப்படிவரை கொண்டுபோய் விட்டுவந்தோம்.

பிறகு ஓர் இளந்தம்பதியர் வந்தார்கள், நம்மவர்கள். அந்தத் தம்பி சோபாவில் உட்காரும் முன்பே என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணே என்றும் அழைக்கத் தொடங்கினார். பூஜை அலமாரியைத் தொட்டுப் பார்த்து, “சாமி இடம்கூட தயாரா இருக்குக்கா, நாங்க வந்து விளக்கேத்த வேண்டியதுதான்” என்றார். எனக்கும் மனம் இளகியது என்பதை மறைக்கப்போவதில்லை. அவர் 310,000 என்று தொடங்கி, பேசிப் பேசி 335,000க்கு வந்தார். சீனர்கள் வாங்க முடியாது என்பதை அதற்கிடையில் மூன்று விதமாக நினைவூட்டினார். இறுதியில், வீட்டைத் தனக்கென்று பிடித்துவைக்க வாங்குபவர் தரும் ஆப்ஷன் பணம் 1,000 வெள்ளிவரை வாங்கலாம் என்ற இடத்தில், கல்யாணச் செலவு என்று சொல்லி 500 மட்டும் தந்தார். நம்ம பிள்ளைதானே என்று வாங்கிக்கொண்டோம்.

ஆப்ஷன் கொடுத்துவிட்டால் 21 நாளுக்கு அந்த வீட்டை வேறு எவருக்கும் விற்க முடியாது. வாங்குபவர் பின்வாங்கினால் அவருக்கு ஆப்ஷன் பணத்தோடு நட்டம் முடிந்துவிடும். மறுபுறம், 2014 மார்ச் முதல், விலை பேசி ஆப்ஷன் கொடுத்த பிறகுதான் வீவகவிடம் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீடு பேசிய விலைக்குக் கீழே வந்தால் இடைவெளியை ரொக்கமாகக் கட்ட வேண்டும். கடனும் கிடையாது, மத்திய சேமநிதி (மசேநி) பணத்தையும் தொட முடியாது. எங்கள் வீட்டுக்கு மதிப்பீடு 328,000 வந்தது. அன்றிரவே அந்தத் தம்பி அழைத்து, அக்கா 7,000ஐக் குறைத்துவிடுங்கள், பழைய ஆப்ஷன் காலாவதியானதும் புது விலையில் வேறு ஆப்ஷன் போட்டுக்கொள்ளலாம் என்றார். கணவர் பாதியை விட்டுத்தருவதாகச் சொன்னார். அதற்கு வந்த மறுமொழி எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது: “உங்களுக்கு வேற யாரு வரப்போறாங்க அண்ணே?”

அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டோம். கடைசி நாள் மாலை 4 மணியோடு ஆப்ஷன் காலாவதியானது. இடையில் எங்கள் முகவரிடம் விசாரித்திருந்த இரண்டு குடும்பங்களும் அதற்குள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. 500 வெள்ளிக்கு எங்கள் வீட்டைக் கட்டிப்போட்டவர், அதே வீட்டை 320,000க்குத் தரலாமா என்று அடுத்த மாதம் முகவர் மூலம் கேட்டனுப்பியதை மட்டும் சொல்லிவிட்டு அவரை விடுகிறேன்.

வீட்டை வாங்கியவர்கள் ஒரு மலாய்க் குடும்பத்தினர். அந்த அம்மா வந்ததும் வரவேற்பறைத் தரையில் ஒவ்வோர் ஓடாகக் காலால் அழுத்தி, வெற்றொலி வருகிறதா என்று கேட்டுப் பார்த்தார். கழுவுதொட்டிக்குக் கீழே தலையை நுழைத்துக் குழாய்க் கசிவைப் பார்த்தார். குழாயைத் திறந்துவிட்டு நீர் வடியும் வேகத்தைக் கவனித்தார். மேற்குப் பார்த்த அறையில் பிற்பகல் வெயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்றும் கேட்டார். அவர்களும் நன்றாகவே பேரம் பேசினார்கள். எங்களுக்குப் புது வீடு கைக்கு வரும்வரை விற்ற வீட்டிலேயே தங்க வேண்டியிருந்தது. வாங்குபவர் சம்மதித்தால் 3 மாதம்வரை அப்படித் தங்க வீவக இடம் தருகிறது. அதற்குச் சம்மதிக்க 2,000 வெள்ளி குறைக்கச் சொன்னார்கள். குறைத்தோம். ஆப்ஷன் பணம் முழு 1,000ஐயும் முதல் நாளே தந்தார்கள், மதிப்பீட்டில் வந்த சிறு பள்ளத்தைப் பேச்சின்றி ரொக்கத்தால் நிரப்பினார்கள். இதை வைத்து மலாய்க்காரர் நல்லவர், தமிழர் கெட்டவர் என்று நான் எழுதுவதாக எவரும் பாய வேண்டாம். நான் பார்த்தது இரண்டு குடும்பங்களை மட்டுமே.

அந்த ஆண்டிலேயே நாங்கள் வாங்குபவர்களாகவும் மாறினோம். ஒரு சீன முதியவரின் ஐந்தறை வீடு அது. மாடி எண்ணிலும் வீட்டு எண்ணிலும், சீனத்தில் சாவு என்ற சொல்லைப் போல ஒலிக்கும் 4 வந்ததால் பார்க்க வந்த சீனர்கள் தயங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன விலையிலிருந்து 15,000 குறைத்துக் கேட்டோம், பாதியில் சந்தித்தோம். அவர்களுக்குச் சீன நாட்காட்டியின் ஏழாம் மாதமான ஆவிகள் மாதத்தில் வீடு கைமாறக்கூடாது, எங்களுக்கு ஆடியில் குடிபுகக்கூடாது; அவ்வாண்டு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததால் தேதி குறிப்பதில் மட்டும் இரு தரப்புக்கும் அவ்வளவு ஒற்றுமை. தோ பாயோவில் வீவக அலுவலகத்தில் சாவி வாங்கிய அன்று, எந்தச் சாவி எந்த அறைக்கு என்று அவர் ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டிக் கொண்டுவந்திருந்தார்.

அவருடைய 4ஐப் பயன்படுத்திக்கொண்ட நீ, உன் வரம்பைப் பயன்படுத்திய தம்பியை எப்படிக் குறைசொல்லலாம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த முதியவர் காத்திருந்தால் 4ஐப் பொருட்படுத்தாத சீனரோ மலாய்க்காரரோ இந்தியரோ யாராவது வந்திருப்பார்கள். சட்டம் அவர் கதவை மூடவில்லை. நாங்கள் அவரைத் தாத்தா என்று அழைத்துக் காரியம் சாதிக்கவும் இல்லை. ஒப்புக்கொண்ட விலைக்கு ஆப்ஷன் பணத்தை முழுமையாகக் கொடுத்தோம், சொன்ன நாளில் கையெழுத்திட்டோம். அந்தத் தம்பி 310,000 என்று தொடங்கியது எனக்குக் கோபமே தரவில்லை. ஒரு கையால் உறவையும் மறு கையால் வரம்பையும் பிடித்துக்கொண்டு, ஒப்புக்கொண்ட விலையிலிருந்து மறுபடியும் இறங்கியதுதான் இன்றுவரை எரிச்சலூட்டுகிறது.

உங்கள் முகவர் இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. வாங்குபவர் தரும் தரகு வழக்கமாக 1 விழுக்காடு. நீங்கள் 20,000 குறைத்து வாங்கினால் அவருக்குக் குறைவது 200 வெள்ளிதான். ஆனால் இறங்கிவரக்கூடிய விற்பவரிடம் உங்களை அழைத்துப் போனால் வேலை சீக்கிரம் முடியும். எங்கள் முகவரும் அப்படித்தான், கிடைத்த விலைக்குக் கொடுத்துவிடுங்கள் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னார். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவருடைய கணக்கு அவருக்கு.

விற்பவரின் கணக்கையும் சற்றுப் பாருங்கள். 350,000 என்றதும் அத்தனையும் அவர் கைக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். முதலில் வீட்டுக்கடன் அடைபட வேண்டும். அடுத்து, வீட்டுக்காக எடுத்த மசேநி தொகை முழுவதும், அது கணக்கிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் 2.5 விழுக்காட்டு வட்டியோடு, அவருடைய மசேநி கணக்குக்குத் திரும்பியாக வேண்டும். பல ஆண்டுகள் தவணை கட்டியவரிடம் ரொக்கமாக மிஞ்சுவது சில சமயம் அடுத்த வீட்டின் சாயச் செலவுக்குத்தான் போதும். நீங்கள் கேட்கும் கடைசி 10,000 அவருக்கு அந்த ரொக்கத்திலிருந்துதான் போகிறது. அப்படிப்பட்டவர் இறங்கிவர மறுத்தால் அதற்குப் பேராசை என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

கொள்கையை எதிர்ப்பவள் அல்ல நான். என் பிள்ளைகள் சீனக் குழந்தைகளோடும் மலாய்க் குழந்தைகளோடும் ஒரே தாழ்வாரத்தில் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதன் சுமை சிறுபான்மையினர் தலையில் சற்றுக் கூடுதலாக இறங்குகிறது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு, குறைந்தது 10 ஆண்டுகள் வீட்டை வைத்திருந்தும் வரம்பு காரணமாக விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து வீவக தானே வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை 2022இல் அறிவித்தது. அது எங்கள் காலத்தில் இருந்திருந்தால் அந்த “வேற யாரு வரப்போறாங்க”வுக்கு எங்களிடம் ஒரு பதிலாவது இருந்திருக்கும்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எவ்வளவு குறைக்கலாம் என்பதை விற்பவரின் இனத்தை வைத்துக் கேட்காதீர்கள். அந்த வட்டாரத்தில் அண்மையில் பதிவான மறுவிற்பனை விலைகள் வீவக தளத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன. மாடி, எஞ்சிய குத்தகைக் காலம், தரையின் நிலை, வெயில் ஆகியவற்றை வைத்து ஓர் எண்ணுக்கு வாருங்கள். மதிப்பீடு குறைந்து வந்தால் ரொக்கமாக எவ்வளவு தாங்க முடியும் என்பதை ஆப்ஷன் வாங்குவதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். சீனர் வரம்பு நிறைந்த புளோக் என்றால், விலை பேசும்போதே அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒரே ஒரு முறை. கூரை விசிறியும் குளிர்சாதனமும் உண்டா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள், இவற்றால்தான் கடைசி வாரத்தில் சண்டை வருகிறது. ஆப்ஷன் பணம் 1,000ஐயும் முழுதாகக் கொடுங்கள்.