எல்லாக் காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர்களில் உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக்குக்கு எத்தனையாவது இடம்?

ஹெவிவெயிட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் எட்டுக்கும் பத்துக்கும் நடுவில். அதற்கு ஒரு படி கீழான எடைப் பிரிவான க்ரூஸர்வெயிட்டையும் சேர்த்துப் பார்த்தால் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்குச் சமம். இந்த இரண்டு கணக்கையும் பிரிக்காமல் பேசுவதால்தான் விவாதம் முடியாமல் இழுக்கிறது.

2025 ஜூலை வரை 24 போட்டி, 24 வெற்றி. அந்தப் பூஜ்யத் தோல்வியை முதலில் ஒதுக்கி வையுங்கள். அதுதான் அளவுகோல் என்றால், 49-0 என்று முடித்த ராக்கி மார்சியானோவை ஐந்து முறை தோற்ற முகமது அலிக்கு மேலே வைக்க வேண்டிவரும். பெல்ட் எண்ணிக்கையும் உதவாது. ஜோ லூயிஸ் காலத்தில் இன்றுபோல தனித்தனியாகப் பட்டமும் பெல்ட்டும் கொடுக்கும் நான்கு அமைப்புகள் இல்லை. யாரை, அவர் எந்த நிலையில் இருந்தபோது, எங்கே போய் வென்றார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

'எங்கே' என்பதில் உசிக்கை மிஞ்ச ஆள் குறைவு. அவரவர் சொந்த நாட்டிலேயே, குளோவாட்ஸ்கியை 2016-இல் போலந்தின் க்தான்ஸ்க்கில், பிரியேடிஸை 2018-இல் லாட்வியாவின் ரிகாவில், அதே ஆண்டு காசியேவை மாஸ்கோவில் வென்று க்ரூஸர்வெயிட்டின் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். கிரிமியாவில் பிறந்த உக்ரைன்காரர் அன்றைய சூழலில் மாஸ்கோவில் போய் ரஷ்ய வீரரைப் புள்ளியில் வென்றது சாதாரண விஷயமே இல்லை.

ஹெவிவெயிட்டில் அவருடைய உச்சம் 2024 மே மாதம் ரியாத்தில் டைசன் ஃபியூரியுடன் நடந்த போட்டி. நடு ரவுண்டுகளில் ஃபியூரியின் அப்பர்கட்டுகள் உசிக்கை நன்றாகவே தடுமாற வைத்தன. ஒன்பதாவது ரவுண்டில் உசிக்கின் இடது கைக் குத்து இறங்கியதும் ஃபியூரி கயிற்றுக்குக் கயிறு தள்ளாடினார். கயிறு தாங்கியதால்தான் அவர் விழவில்லை என்று, விழுந்ததாகவே கணக்கில் எடுத்து நடுவர் ஒன்று, இரண்டு என எண்ணத் தொடங்கினார். தீர்ப்பு 115-112, 113-114, 114-113. அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் ஃபியூரிக்கு மூன்று நடுவர்களின் புள்ளித் தாள் ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி கூடியிருக்கும். கடைசித் தாள் 114-114 ஆகி, போட்டியே சமனில் முடிந்திருக்கும். டிசம்பரில் நடந்த மறுபோட்டியில் ஃபியூரி உசிக்கைவிட சுமார் 25 கிலோ அதிக எடையோடு வந்தார். மூன்று நடுவர்களும் உசிக்குக்கே 116-112 கொடுத்தார்கள்.

ஃபியூரி அப்போதே தேய்ந்துவிட்டார் என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. 2023-இல் குத்துச்சண்டைக்கே புதியவரான ங்கானு அவரைக் கீழே தள்ளினார். ஆனால் டேனியல் டுபுவாவைப் பாருங்கள். 2023-இல் உசிக்கிடம் தோற்றவர், 2024-இல் ஆண்டனி ஜோஷுவாவை ஐந்தாவது ரவுண்டில் நாக் அவுட் செய்தார். அந்த ஏறுமுகத்தில் இருந்த 27 வயது டுபுவாவை 38 வயது உசிக் 2025 ஜூலையில் வெம்ப்ளியில் ஐந்தே ரவுண்டில் முடித்தார். தோற்கடிக்கப்பட்டவர் பிறகு என்ன ஆனார் என்று பார்ப்பது, வெற்றியின் எடையைச் சொல்லும் நல்ல வழி.

அப்படியானால் ஏன் முதல் ஐந்தில் இல்லை? அதுவரை ஹெவிவெயிட்டில் மொத்தம் எட்டே போட்டி. அதில் ஆறு பட்டப் போட்டிகள். அந்தப் பட்டப் போட்டிகளில் எதிரே நின்றவர்களோ ஜோஷுவா, டுபுவா, ஃபியூரி என்று மூன்றே பேர். லூயிஸ் 25 முறை, லாரி ஹோம்ஸ் 20 முறை பட்டத்தைக் காத்தவர்கள். அலியின் பட்டியலில் லிஸ்டன், ஃப்ரேசியர், நார்ட்டன், ஃபோர்மன் இருக்கிறார்கள். ஹோலிஃபீல்டு ஹெவிவெயிட்டில் பலமுறை தோற்றார். ஆனாலும் டக்ளஸ், ஃபோர்மன், ஹோம்ஸ், போவ், டைசன் என்று அவர் வென்ற பெயர்கள் அதிகம். அதனால் ஹெவிவெயிட் பட்டியலில் மட்டும் ஹோலிஃபீல்டு உசிக்கைவிட ஒரு படி மேலே.

போட்டிகளைத் திரும்பப் பார்க்கும்போது ஒலியை அணைத்துவிட்டு உசிக்கின் கால்களைக் கவனியுங்கள். இடக்கைக்காரர் என்பதால் வலது கால் முன்னே. அதை எதிராளியின் இடது காலுக்கு வெளிப்புறம் வைத்துவிட்டால் உசிக்கின் இடது கைக்கு நேர்வழி கிடைக்கிறது. அந்த இடத்தைப் பிடிக்க விடாமல் உள்ளே புகுந்து விலாவில் அடித்தால் திணறுவார். 2020-இல் சிசோரா முதல் சில ரவுண்டுகளில் செய்தது அதைத்தான். ஃப்ரேசியரும் இளவயது டைசனும் அந்த வேலையைச் சிசோராவைவிடப் பல மடங்கு நன்றாகச் செய்யக்கூடியவர்கள்.