தட்டைப் பார்த்த பிறகே மாத்திரை: வாசகர் கேள்வி – பதில்

முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்று கேட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. செவிலியர் பயிற்றுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் அவற்றுக்குப் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பாலக்கோடு அருகே முதியோர் இல்லம் நடத்துகிறோம். தங்கியிருக்கும் 32 பேரில் 13 பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. பணியாளர்கள் எட்டுப் பேரும் பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்கள். பயிற்சிக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எதிலிருந்து தொடங்குவது?
— இல்ல நிர்வாகி, பாலக்கோடு

பதில்: சர்க்கரை இறங்குவதிலிருந்து தொடங்குங்கள். நீரிழிவு என்றால் என்ன, அது எத்தனை வகைப்படும், கணையம் எங்கே இருக்கிறது என்று ஆரம்பிக்கும் வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். வெட்கத்தோடு சொல்கிறேன், சிலவற்றை நானே நடத்தியும் இருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும்போதும் கணையத்தை விட்டு நகர்ந்திருக்க மாட்டோம். உங்கள் பணியாளர்கள் நிற்பதோ சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில். ஏறிய சர்க்கரை பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் அரிக்கிறது. இறங்கிய சர்க்கரை ஒரே இரவில் ஆளை முடித்துவிடக்கூடும். அந்த இரவில் பக்கத்தில் இருப்பவர் மருத்துவர் அல்லர், இரவுப் பணியில் இருக்கும் ஆயாதான்.

சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் அது தாழ்நிலை. 54-க்குக் கீழே போனால் மூளையின் வேலையே தடுமாறத் தொடங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, அகோரப் பசி ஆகியவை எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் அடையாளங்கள். முதியவர்களிடம் இவை பளிச்சென்று தெரிவதில்லை. காரணமில்லாத கோபம், உளறல், தள்ளாட்டம், பகல் வேளையில் விடாத தூக்கம் என்று அது வேறு வேஷத்தில் வரும். நாமும் ‘வயசாச்சு, புத்தி தடுமாறுது’ என்று போர்வையை இழுத்துவிட்டுப் போய்விடுவோம். இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்க முடியாது.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இல்லத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மார்கழி மாதம், விடியற்காலை நான்கு மணி. மற்றவர்கள் எல்லோரும் கம்பளிக்குள் சுருண்டிருக்க, ஒரு பாட்டி மட்டும் ரவிக்கை நனைய வியர்த்துப்போய்ப் படுக்கையில் உட்கார்ந்து, ஆயாவை இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 41. முதல் நாள் இரவு மருந்துக் குறிப்பேட்டில் அவருடைய மாத்திரைக்கு நேரே அழகாக ஒரு ‘டிக்’ போடப்பட்டிருந்தது. அவர் வாய் கசக்கிறது என்று களியைத் தொடவே இல்லை என்பது பாத்திரம் கழுவிய பெண்ணுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை, எழுத இடமும் இல்லை. ஆகவே உங்கள் குறிப்பேட்டில் மாத்திரைக் கட்டத்துக்கு முன்னால் ‘எவ்வளவு சாப்பிட்டார்’ என்று ஒரு கட்டம் போடுங்கள். முழுசு, பாதி, ஒன்றுமில்லை என்ற மூன்று சொற்களை எழுதத் தெரிந்தால் போதும். ‘ஒன்றுமில்லை’ என்று எழுத நேர்ந்தால், மாத்திரையோ ஊசியோ கொடுக்கும் முன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ தொலைபேசியில் கேட்டாக வேண்டும். ஆடிக் கிருத்திகை, ஏகாதசி என்று சொல்லாமல் விரதம் இருப்பவர்களையும் இந்தக் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா மாத்திரையும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவதில்லை. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அப்படி நேர்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவற்றையும் இன்சுலினையும் எடுத்துக்கொள்பவர்களின் பெயரைத்தான் சிவப்பு மையில் எழுத வேண்டும். கிளிபென்கிளமைடு, சிறுநீரகம் தளர்ந்த முதியவரின் உடலில் ஒரு நாளுக்கு மேலும் தங்கி வேலை செய்யும். ஒரு முறை தெளிந்துவிட்டார் என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

முதலுதவியை வாயால் சொல்லாமல் செய்ய வையுங்கள். விழிப்போடு விழுங்கக்கூடியவருக்கு 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டிப் பொடி, அரை டம்ளர் தண்ணீரில். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ. சமையலறைச் சர்க்கரையும் உதவும். ஆனால் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது வேலை செய்யத் தாமதமாகும், ஏனென்றால் சர்க்கரை குடலில் உடைவதையே அந்த மாத்திரைகள் தடுக்கின்றன. அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு நாளை இரண்டு அரை நாள்களாகப் பிரித்தால் இரவுப் பணியாளர்களும் வர முடியும். வகுப்பெடுக்க, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்களைக் கவனிக்கும் செவிலியரை வட்டார மருத்துவ அலுவலர் மூலம் கேளுங்கள்.

கேள்வி: ஓசூரில் ஒரு வீட்டில் 78 வயது ஐயாவைப் பார்த்துக்கொள்கிறேன். வழக்கமாக வாங்கும் சிவப்பு மூடி இன்சுலின் சிரிஞ்சு தீர்ந்துவிட்டது என்று கடையில் ஆரஞ்சு மூடி கொடுத்தார்கள். இரண்டும் ஒன்றுதானே?
— வீட்டுப் பராமரிப்பாளர், ஓசூர்

பதில்: ஒன்றல்ல. போடும் முன் கேட்டீர்கள், நல்லது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் கொண்ட மருந்துக்கானது. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், காரணம் யாருக்கும் புரியாது. மாறாக 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் உடலுக்குள் போவது 50 யூனிட். அது உயிருக்கே உலை வைத்துவிடும். இன்சுலின் பேனாவுக்கான மருந்தை சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அந்த மருந்து பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட் என்பதால் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். குப்பியில் அச்சிட்ட எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கலங்கலாக இருக்கும் கலவை இன்சுலினைக் குலுக்காமல், இரு உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறையாவது உருட்டிய பிறகு இழுக்க வேண்டும். ஒரே இடத்தில் குத்தினால் தோல் தடித்து மருந்து சரியாக உறிஞ்சப்படாது; இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். திறந்த குப்பியை வெயில் படாத குளிர்ந்த இடத்தில் சுமார் நான்கு வாரம் வைத்துக்கொள்ளலாம் என்பதால் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில் பெரிய மண்சட்டிக்குள் ஈர மணலைப் பரப்பி, அதில் சின்னச் சட்டியைப் பதித்து, மருந்தை அதற்குள் மூடி வைப்பது நன்றாகவே உதவுகிறது. உறைபனி அறையில் மட்டும் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் வேலையல்ல. வீட்டார் சொன்னாலும் மருத்துவர் எழுதிய சீட்டைக் கேளுங்கள்.

கேள்வி: நான் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். மாம்பழக் காலத்தில் வீடு வீடாகச் சோதிக்கும்போது சிலருக்கு 350, 400 என்று காட்டுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் பாதிகூட இல்லை. மீட்டர் பழுதா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் விரலை முகர்ந்து பாருங்கள். மாம்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு ஒரு சொட்டு ரத்தத்தோடு கலந்தாலே அளவு எங்கோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு தேய்ப்புத் தேய்ப்பது இதற்குப் போதாது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகு விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்து அளவு குறைந்து காட்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி வைத்தாலும் காலாவதித் தேதி கடந்தாலும் இதே குழப்பம்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது; வாசற்படி வரை போகும் உங்களைப் போன்றவர்கள் தப்பான எண்ணை எழுதிவிட்டால், அதை நம்பி மருந்தைக் கூட்டும் அபாயமும் அதே வாசற்படியில்தான் இருக்கிறது.

கேள்வி: ராகிக் களி சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று இல்லத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். மூன்று வேளையும் களியே போடலாமா?
— சமையலர், பென்னாகரம்

பதில்: நம் ஊர்க் களியை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் ராகியும் மாவுச்சத்துதான். தீட்டிய அரிசியைவிட அதில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம் என்பது உண்மை. இரண்டு பெரிய உருண்டை விழுங்கினால் சர்க்கரை ஏறும் என்பதும் உண்மை. கூழாகவோ கஞ்சியாகவோ கரைத்துக் குடித்தால் இன்னும் வேகமாக ஏறும். ஒரு வேளைக்கு மட்டும், ஒரு சிறிய உருண்டை, கூடவே கீரைக் கடைசலோ கொள்ளுக் குழம்போ தாராளமாக இருந்தால் நல்ல சாப்பாடு. களி தின்னும் ஊருக்குச் சர்க்கரை வராது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்தது, அதில் கிராமத்தவர்களும் அடக்கம்.

கேள்வி: முதியவர்களுக்குத் தினமும் கால் கழுவிவிடுகிறேன். சர்க்கரை உள்ளவர்களின் காலில் எதைப் பார்க்க வேண்டும்?
— இல்லப் பணியாளர், அரூர்

பதில்: உங்கள் கை செய்யும் சோதனையை எந்த மருத்துவரும் தினமும் செய்வதில்லை. நரம்பு மரத்துப்போன காலுக்கு முள் குத்தியதும் தெரியாது, கொப்புளமும் தெரியாது, தூங்கும்போது எலி கடித்தாலும் தெரியாமல் போவதுண்டு. ஆகவே அவர் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். தண்ணீரின் சூட்டை அவர் காலால் அல்ல, உங்கள் முழங்கையால் பாருங்கள். விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்து, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் மஞ்சளாகவோ சிவப்பாகவோ கறை பட்டால் அங்கே புண் இருக்கிறது. குதிகால் பித்தவெடிப்புக்கு எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நகத்தை நேராக வெட்டுங்கள். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் விரலை இழப்பதற்கான நேர்வழி. ஒரு கால் மட்டும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். பின்வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற ரப்பர் செருப்பு, நல்லது. தீர்த்தமலைக்குப் போக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் வெயில் ஏறும் முன்பே அழைத்துச் செல்லுங்கள். சுட்ட பாறையில் வெறுங்காலோடு நடந்து, மாலையில் இரு பாதங்களிலும் நீர் கோத்த கொப்புளங்களோடு, வலியே தெரியாமல் சிரித்தபடி திரும்பியவரை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் பல முதியவர்கள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள். பயிற்சிக் கையேடு தமிழில் மட்டும் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: கையேட்டை மொழிபெயர்க்கக் காத்திருக்க வேண்டாம். தமிழ் தெரிந்தவரும் சர்க்கரை இறங்கும்போது தாய்மொழிக்குத் திரும்பிவிடுவார் என்பதால், பணியாளர் காது பழக வேண்டிய சொற்கள் சிலதான். தலை சுற்றுகிறது என்பதைத் தெலுங்கர் ‘தல திருகுதோந்தி’ என்பார், கன்னடர் ‘தலெ சுத்து’ என்பார். கால் மரத்துப்போவதை அவர் ‘திம்மிரி’ என்றும் இவர் ‘ஜோமு’ என்றும் சொல்வார். பசி, வியர்வை, எரிச்சல் ஆகியவற்றுக்கும் உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமே கேட்டு, ஓர் அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி, குளுக்கோஸ் பொட்டலம் தொங்கும் ஆணியிலேயே மாட்டிவிடுங்கள்.