செஸ்னா 172 நாற்பது மீட்டரில் நின்றுவிடுகிறதா?

காட்பாடி நண்பரே, கணினியில் விமானம் ஓட்டும் ஃப்ளைட் சிமுலேட்டரில், வேலூர் விமான நிலையமான அப்துல்லாபுரத்தில் இறங்கி பிரேக் தொட்டதும் செஸ்னா 172 சிறு விமானம் மூக்கு குத்தி 40 மீட்டரில் நிற்கிறது என்கிறீர்கள். நிஜ 172எஸ், கடல்மட்டத்தில், முழு எடையில், குறு ஓடுதள முறையில் இறங்கினாலே தரையோட்டம் 575 அடி, அதாவது சுமார் 175 மீட்டர். 50 நாட் (knot, மணிக்குக் கடல்மைல்) வேகத்திலிருந்து நிற்க 13 நொடியாவது ஆகணும். கடிகாரம் வைத்துப் பாருங்கள்.

விமானக் கோப்பைத் தொடுவதற்கு முன் பெடலைச் சந்தேகப்படுங்கள். சிமுலேட்டரின் கட்டுப்பாட்டு அமைப்பில், கால் வைக்காமலேயே பிரேக் அச்சு (axis, பெடல் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது என்ற அளவு) எவ்வளவு காட்டுகிறது? முழுசாகக் காட்டினால் அச்சு தலைகீழ், 'ரிவர்ஸ்' போடுங்கள். பாதி காட்டினால், இரண்டு பெடலையும் ஒருமுறை அடிவரை மிதித்து விடுங்கள். கரண்ட் போய் வந்ததும் சில பெடல்கள் இப்படித்தான் அடம்பிடிக்கும், நம்ம ஊரில் கேட்கவே வேண்டாம். பிறகு அச்சின் வளைவை (மிதிப்புக்கு எவ்வளவு பிரேக் என்ற கோட்டை), முதல் பாதி மிதிப்பில் கால்வாசி பிரேக் வருமாறு தாழ்த்துங்கள். விசைப்பலகையிலோ ஜாய்ஸ்டிக் பட்டனிலோ பிரேக் பிடித்தால் இதெல்லாம் பயன்படாது; பட்டனுக்குப் பாதி அழுத்தம் தெரியாது, விட்டு விட்டுத் தட்டுங்கள்.

அப்புறமும் அப்படியே என்றால், எஃப்எஸ்எக்ஸில் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) விமானக் கோப்பான ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜியை (aircraft.cfg) நகலெடுத்து வைத்துவிட்டு, பிரேக்ஸ் பகுதியில் பிரேக்கின் பலத்தைக் குறிக்கும் டோ_பிரேக்ஸ்_ஸ்கேல் (toe_brakes_scale) எண்ணை 0.1 குறையுங்கள். விமானத்தை மறுபடி ஏற்றி, காற்றில்லாத வானிலையில் நேரம் பாருங்கள். ஒரேயடியாகப் பாதியாக்கினால் எஞ்சின் முழு வேகச் சோதனையில் வண்டி நகர ஆரம்பித்துவிடும்.