நாக்-அவுட் சுற்றுக்கு முன்பு எங்கள் கல்லூரி ஹாக்கி அணியில் மூன்று பேரை மாற்றிவிட்டார்கள். இது சரியா?

யாரை ஆட வைப்பது என்பது பயிற்சியாளரின் உரிமை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் ஆளை மாற்றினார்கள் என்று நீங்கள் எழுதவில்லையே, தம்பி. பதில் அதில்தான் இருக்கிறது. கேள்வியில் உள்ள சூட்டைப் பார்த்தால், நீக்கப்பட்ட மூவரில் நீங்களும் ஒருவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். லீக் ஆட்டம் முழுக்க ஓடி உழைத்துவிட்டு, பட்டியலில் பெயர் இல்லை என்பதை வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

முன்களத்தில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போட்டால் அணி சமாளித்துக்கொள்ளும். பெனால்டி கார்னர், அதாவது எதிரணி தன் கோல் அருகே தவறு செய்யும்போது கோல் அடிக்க நமக்குக் கிடைக்கும் தனி வாய்ப்பு, அதற்கான ஆட்களில் கை வைத்தால் சமாளிக்க முடியாது. எனக்கு நேர்ந்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

கல்லூரி அணியில் பெனால்டி கார்னருக்குப் பந்தைத் தள்ளிக் கொடுப்பவன் நான். செய்தித்தாளில் பெயர் வராத வேலை. கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டராவது தள்ளிப் பின்கோட்டில் நிற்க வேண்டும். ஸ்டிக்கின் வளைவில் பந்தை ஒட்ட வைத்து, உடல் எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்குக் கொண்டுவந்து, தரையோடு தரையாக இழுத்துத் தள்ள வேண்டும். அது டி-யின் (கோலுக்கு முன்னால் உள்ள அரைவட்டம்) உச்சிக்கு வெளியே, பந்தை நிறுத்தக் காத்திருக்கும் ஸ்டாப்பரின் ஸ்டிக்கில் துள்ளாமல் போய் நிற்க வேண்டும். பந்து கிளம்பிய அதே நொடியில், தடுக்க ஓடி வரும் எதிரணியின் முதல் ரஷ்ஷர் கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வருவார். ஸ்டாப்பர் கொஞ்சம் தடுமாறினாலும் டிராக் ஃபிளிக் (பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலை நோக்கி வீசுவது) அடிக்க நேரம் இருக்காது. எங்கள் ஸ்டாப்பரும் நானும் ஒரே விடுதி அறை. நான் குனிகிற விதத்தை வைத்தே பந்து அவனுக்கு வலப்பக்கம் வருமா இடப்பக்கம் வருமா என்று சொல்லிவிடுவான். மற்றவர்கள் குளிக்கப் போன பிறகும் நாங்கள் இருவரும் இருட்டும்வரை மைதானத்தில்தான் கிடப்போம்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, கோவில்பட்டி டர்ஃபில் (செயற்கைப் புல் மைதானம்) நடந்தது. லீக்கில் நாங்கள் போட்ட கோல்களில் பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் வந்தவை. அரையிறுதிக்கு முன்பு, மாநில அணியில் ஆடிய சான்றிதழோடு தாமதமாகச் சேர்ந்த முதலாண்டு மாணவன் ஒருவனை அணிக்குள் கொண்டுவந்தார்கள். நல்ல ஆட்டக்காரன். பந்தோடு ஓடுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன், இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. அவனுக்காக என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று இவ்வளவு எழுதமாட்டேன். ஒரே ஒரு மாலைப் பயிற்சியை நம்பி, பந்து தள்ளிக் கொடுக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்துவிட்டார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். 1-2 எனப் பின்தங்கியிருந்தோம். பெனால்டி கார்னர் விசில் ஊதியது. பி.டி. சார் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் ஷின் கார்டை இறுக்கிக்கொண்டு கோட்டருகே ஓடினேன். மேசையில் இருந்த அதிகாரி, "இப்போது மாற்ற முடியாது" என்று கையை நீட்டித் தடுத்தார். விதி அதுதான். ஹாக்கியில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம், ஆனால் பெனால்டி கார்னர் கொடுத்ததிலிருந்து அது முடியும்வரை மாற்றக் கூடாது. தடுக்கும் அணியின் கோல்கீப்பர் காயம்பட்டால் போன்ற சில நேரங்களில்தான் விலக்கு. அணியை நடத்துகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தண்ணீர் தெளித்த டர்ஃபில் அந்தப் பையன் தள்ளிய பந்து ஸ்டாப்பரின் ஸ்டிக்கில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எகிறியது. ரஷ்ஷர் அதைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். தோற்றோம்.

'நீ தள்ளியிருந்தால் மட்டும் கோல் விழுந்திருக்குமா' என்று சிலர் கேட்கலாம். விழாமலும் போயிருக்கலாம். ஆனால் பந்து நின்றிருக்கும், அடிக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும். அந்தப் பையன் மீதும் எனக்குக் கோபம் இல்லை, பழகாத வேலையை அவன் தலையில் கட்டியவர்கள் மீதுதான்.

புதியவர்கள் வரக் கூடாது என்று சொல்வதாகவும் யாரும் நினைக்க வேண்டாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீரர் சிம்ரன்ஜீத் சிங் முதலில் அறிவித்த 16 பேரில் இல்லை, மாற்று வீரராகப் போனவர். 2021 ஆகஸ்ட் 5 அன்று ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் எடுத்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டார். அவர் நேற்று வந்து சேர்ந்தவர் அல்லர், அதே அணியோடு முகாமில் கிடந்து பயிற்சி எடுத்தவர். பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு நேர்ந்ததையும் பாருங்கள். காலிறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய அமித் ரோஹிதாஸ் அரையிறுதியில் ஆட முடியவில்லை. பெனால்டி கார்னரைத் தடுக்க முதலில் பாய்கிற ஆள் அவர்தான். அவர் இல்லாமல் ஜெர்மனியிடம் 2-3 எனத் தோற்றோம். அதற்கு அது ஒன்றே காரணம் என்று சாதிக்கமாட்டேன், ஆனால் அப்படி ஓர் ஆளுக்கு ஓரிரு நாளில் மாற்று தயாராகாது.

கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டிக்குப் போன நாள்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு) தருவதாகத்தான் சொன்னார்கள். திரும்பி வந்து பார்த்தால் வருகைப் பதிவேட்டில் எல்லாம் ஆப்சென்ட். 75 சதவீதம் இல்லை என்று சொல்லி, தேர்வு எழுதப் பணம் கட்ட வைத்தார்கள். கோப்பை வந்தால் கல்லூரி வாசலில் பேனர் கட்டுவார்கள், தோற்றுவிட்டு வந்தவனுக்கு வருகை போடக்கூட ஆள் இல்லை. இன்றும் இதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் புறப்படும் முன்பே ஓ.டி. கடிதத்தில் துறைத்தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பி.டி. சாரிடம் போய், உங்களை ஏன் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். பெனால்டி கார்னருக்கு யார் தள்ளப் போகிறார்கள், யார் நிறுத்தப் போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த வேலை இதுவரை உங்களுடையது என்றால், நாலாவது கால்பகுதியில் நம் அணி எதிர் டி-யை நெருக்கும்போதே, விசில் வருவதற்கு முன்பே உங்களை உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.