‘கோக்’ என்ற ஜெர்மன் குடும்பப் பெயருக்கு என்ன பொருள்? அந்தப் பெயரில் புகழ்பெற்றவர்கள் யார்?

சமையல்காரர் என்று பொருள். செய்த தொழிலே குடும்பப் பெயராகிவிட்டது. உச்சரிப்பைத் திருத்த வருவீர்கள் என்று தெரியும். ஜெர்மானியர் வாயில் அது ‘கொஹ்’ மாதிரி, கடைசி ஒலி தொண்டையிலிருந்து வரும். நம் ஆஸ்பத்திரிகளில் அது ‘காக்ஸ்’.

நீங்கள் பொது அறிவுக்காகக் கேட்டிருக்கலாம். ஒருவேளை கையில் மருந்துச் சீட்டோடு தேடுகிறீர்கள் என்றால், இது உங்களுக்குத்தான்.

2011இல் அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், “காக்ஸ் மாதிரி இருக்கு, ஆறு மாசம் மாத்திரை சாப்பிடணும்” என்றார். ஏதோ சளி என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள் அப்பாவுக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிருக்கிறது. ரத்தம் என்று பயந்து, எங்களிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்து அட்டையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த நர்ஸம்மாதான் உட்காரவைத்துச் சொன்னார்: “காக்ஸ்னா டிபி. ரிஃபாம்பிசின் மாத்திரைக்கு அப்படித்தான் கலர் போகும், பயப்படாதீங்கய்யா.”

அந்தக் ‘காக்ஸ்’ ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக்கின் பெயர்தான். அவர் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் எழுந்து நின்று, காசநோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று அறிவித்தார். உலகக் காசநோய் நாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. 1884இல் கல்கத்தாவின் குளத்துத் தண்ணீரில் காலரா கிருமியைக் கண்டவரும் அவரே. 1905இல் நோபல் பரிசு. நோயை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் பெயரை வைத்தே நம்மூரில் நோயை மறைக்கிறார்கள். டாக்டர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் காதில் விழக்கூடாது என்ற நல்லெண்ணம் புரிகிறது. வீட்டு ஆளிடமாவது தமிழில் சொல்லியிருக்கலாம் அல்லவா?

இன்னொருவர் கிழக்கு ஜெர்மனியின் மரிட்டா கோக். 1985இல் கான்பெராவில் 400 மீட்டரை 47.60 நொடியில் ஓடினார். அந்த உலக சாதனையை இன்னும் யாரும் முறியடிக்கவில்லை. ஊக்கமருந்துச் சந்தேகம் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். சிகிச்சை முடிந்து, சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்த பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். எல்லோருக்கும் டபரா டம்ளரில் காபி. அப்பாவுக்கு மட்டும் பேப்பர் கப். அவர் அதைத் தொடாமல் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.