சிங்கத்தை விரட்டிய அம்மாள்

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல்லில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீடு நான்கு மாதமாகக் காலியாகக் கிடந்தது. மனநோயிலிருந்து தேறிய ஐந்து பெண்களை அங்கே குடிவைக்க ஒரு தொண்டு நிறுவனம் முன்பணம் கொடுத்தது. விஷயம் தெரிந்ததும் தெருவே கூடிவிட்டது. சின்னப் பிள்ளைகள் விளையாடுகிற இடம், நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் யார் பொறுப்பு என்று ஒரே பேச்சு. வீட்டுக்காரருக்கு மனு எழுதி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள். நான் போடவில்லை. “அவ்வளவு அக்கறைன்னா உங்க வீட்ல வெச்சுக்கங்க சார்” என்றார் எதிர்வீட்டுக்காரர். எனக்கு வாயடைத்துவிட்டது. முன்பணம் திரும்பிப் போய்விட்டது.

போன மாதம் ஒரு கூட்டத்தில், அமைதியான, அக்கறையுள்ள ஊருக்கு முதலில் வேண்டியது சட்டமல்ல, கற்பனை என்று பேசினீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கையெழுத்துக் காகிதம் கைக்கு வந்து நிற்கும்போது கற்பனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

அன்று கொஞ்சம் வீராப்பாகப் பேசிவிட்டேன். கையில் மைக் இருந்தால் எனக்கு வருகிற வியாதி அது. சட்டமும் வேண்டும்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவர்களைச் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. ஊரோடு சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொல்கிறது. உங்கள் தெரு எழுதிய மனு அந்த உரிமைக்கு நேர் எதிரானது. ஆனால் சட்டத்தைக் காட்டிக் குடிவைத்தாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க வைக்க முடியாது. நான் சொல்ல நினைத்தது அதைத்தான்.

அப்புறம், உங்கள் தெருக்காரர்களுக்குக் கற்பனைப் பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஐந்து பேரை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குள் நடுராத்திரி அலறல், கல்வீச்சு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்று முழுப் படமே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்குத் தோன்றாமல் போனது சாதாரண விஷயங்கள். காலை ஏழு மணிக்கு அந்த வீட்டிலும் குக்கர் விசில் அடிக்கும். யாராவது ஒரு பெண் வந்து கறிவேப்பிலை கேட்பாள். தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு வரிசையில் நிற்பாள்.

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் மாகாணத்தில் கீல் என்று ஓர் ஊர் இருக்கிறது. மனநோயாளிகளை அந்த ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்துக்கொள்கின்றன. இன்று நேற்றல்ல, பல நூறு ஆண்டுகளாக. அவர்களுக்கு நோயாளி என்று பெயரில்லை. தங்கிச் சாப்பிடுபவர், அவ்வளவுதான். என்ன வியாதி என்றுகூடக் குடும்பத்துக்குச் சொல்வதில்லை. இன்னாருக்கு இன்ன குணம், இதற்குக் கோபப்படுவார், இது பிடிக்கும் என்று சொல்லி ஒப்படைப்பார்கள்.

அங்கே ஒருவருக்குச் சுவரிலிருந்து சிங்கங்கள் வருவதாகத் தோன்றும். நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? “சிங்கமும் இல்லை ஒண்ணும் இல்லை, பேசாமப் படு” என்போம். அந்த வீட்டு அம்மாள் எழுந்துபோய்ச் சிங்கங்களை விரட்டுவார். அவை ஓடிவிடும், மனிதர் அமைதியாகிவிடுவார். இன்னொருவர் தினமும் சட்டைப் பொத்தான்களைத் திருகித் திருகிப் பிய்த்துவிடுவார். ராத்திரி அவர் இருந்த வீட்டு அம்மாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பத் தைப்பார். தூண்டில் நரம்பில் தைத்துவிட்டால் பிய்க்க முடியாதே என்று யாரோ யோசனை சொன்னார்களாம். ஐயோ, அதைவிட மோசம் எதுவும் இல்லை, அவருக்குப் பிய்த்தாக வேண்டுமே என்றாராம் அந்த அம்மாள். கூட்டத்தில் இந்த இரண்டை மட்டும் சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்பதுதான் என்னை உலுக்கியது. தொடக்கம் நமக்கு நன்றாகத் தெரிந்த தொடக்கம். பெற்ற மகளையே மணக்கத் துணிந்த பித்துப்பிடித்த அரசன். அயர்லாந்திலிருந்து தப்பி ஓடிவந்த அந்த மகள் டிம்ப்னா. கீலில் வைத்து அவள் தலையை வெட்டினான் தகப்பன் என்று ஐதீகம். அவள் பெயரில் கோயில் எழுந்தது. அங்கே போனால் குணமாகும் என்று நம்பி, புத்தி பேதலித்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். ஒன்பது நாள் சடங்கு. கோயிலை ஒட்டி அவர்களுக்கென்று கட்டிய அறையும் நிரம்பியது. இடமில்லாதவர்களை அக்கம்பக்கத்து வீடுகளில் தங்கவைத்தார்கள். சடங்கு முடிந்தும் சிலர் ஊர் திரும்பவில்லை.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி தர்கா ஞாபகம் வந்தது. அதே நம்பிக்கை, அதே கூட்டம், அதே இடப் பற்றாக்குறை. இங்கேயும் வெளியே தங்கவைத்தார்கள். ஆனால் அவை குடும்பம் இருக்கிற வீடுகள் அல்ல, காப்பகம் என்று பெயர் போட்ட கொட்டகைகள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அதில் ஒரு கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் போய் 28 பேர் இறந்தார்கள். தர்காவை நான் குறை சொல்லவில்லை. இப்போது அங்கே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. இடம் போதாமல் போன அந்தக் கட்டத்தில், கூட ஒரு தட்டு வைத்தால் போச்சு என்று ஓர் ஊருக்குத் தோன்றியது. இன்னோர் ஊருக்குத் தோன்றவில்லை.

கீல்காரர்களை மகான்களாக ஆக்கிவிட வேண்டாம். விவசாயக் குடும்பங்களுக்கு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. தங்கவைப்பதற்குப் பணமும் வந்தது. பின்னால் அரசு பொறுப்பெடுத்தது, மருத்துவமனையும் செவிலியர்களும் துணைக்கு இருக்கிறார்கள். 1938-இல் 3,736 பேர் இப்படி வீடுகளில் இருந்தார்கள். இன்று அந்த எண்ணிக்கை சில நூறுக்குள் சுருங்கிவிட்டது. வயலும் இல்லை, வீட்டோடு இருக்கிற பெண்களும் இல்லை என்றால் யார் பார்த்துக்கொள்வது? நல்ல மனசை மட்டும் நம்பி அந்த ஏற்பாடு நடக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர் கேட்டதற்கு வருகிறேன். கீலில் நிஜமாகவே வீட்டில் வைத்துக்கொண்டார்கள். உங்கள் தெருவிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லையே? வாடகை கொடுத்து, அவரவர் வீட்டில், அவரவர் சமையலில் இருக்கப்போகிறவர்கள். சென்னையில் தொடங்கிய பேனியன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு 2015 முதல் இதைச் செய்துவருகிறது. தேறிய பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, உதவிக்கு ஓர் ஆளோடு, சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். அடுத்த முறை மனு வருவதற்கு முன்னால், அந்த நிறுவனத்தாரிடம் சொல்லி வரப்போகிற பெண்களில் இருவரை உங்கள் வீட்டுக்கு டீ சாப்பிடக் கூப்பிடுங்கள். எதிர்வீட்டு அம்மாவையும் கூப்பிடுங்கள். எதிர்வீட்டுக்காரரை வேண்டாம், அவர் மனைவியை. கூட்டம் போட்டு விளக்கம் சொல்லப் போகாதீர்கள்; கூட்டத்தில் எல்லாரும் தெருவாகிவிடுகிறார்கள்.

இவ்வளவும் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்பது தனிக் கேள்வி. மானாமதுரைப் பக்கம் எங்கள் வீட்டில் ஒரு சித்தப்பா இருந்தார். தினமும் மத்தியானம் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், நாலு மணி ரயிலுக்கு. எங்கள் தெருவில் ஏது ரயில்? அப்பத்தா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. உள்ளேயிருந்து தட்டோடு வந்து, “வண்டி லேட்டாம்டா, சாப்ட்டுட்டு உக்காரு” என்பார். அவரும் சாப்பிடுவார். கீல் என்ற பெயரை அப்பத்தா கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை.

அதே அப்பத்தாதான், அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று சித்தப்பாவைப் பின்கட்டில் வைத்துப் பூட்டச் சொன்னார். சாவி என்னிடம் இருந்தது. எனக்குப் பதினோரு வயது. முன்கூடத்தில் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். “வண்டி வந்துருச்சாப்பா?” என்று கதவுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டார். பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் கொடுக்கவில்லை.