புதுச்சேரியில் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள குடும்பத்துப் பையன், ஓட்டப்பந்தயத்தில் இந்தியாவுக்காக ஓடிவிட்டுப் பிறகு பிரான்சுக்காக ஓட முடியுமா?

முடியும். ஆனால் இந்தியக் குடியுரிமையை விட்ட பிறகுதான். கேள்வியில் உள்ளபடி பையனுக்கு 19 வயது, 200 மீட்டர், உலக 20 வயதுக்குட்பட்டோர் போட்டியில் இந்திய ஜெர்சி போட்டாயிற்று. தாத்தா சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்), அப்பா பிரெஞ்சுக் குடிமகன், அம்மா இந்தியர். இதை வைத்தே சொல்கிறேன்.

முதல் சிக்கல் டிராக்கில் இல்லை, பாஸ்போர்ட்டில். 1962 ஆகஸ்டில் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக்கொடுத்த குடும்பங்களில், பேரன் வரை அது வழிவழியாக இறங்கும். புதிதாக வாங்கத் தேவையில்லை. ஆனால் பெற்றோர் கல்யாணமும் பையன் பிறப்பும் தூதரகப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். கல்யாணப் பதிவு விடுபட்டிருந்தால் அங்கேயே இழுக்கும். பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கிய அன்றே இந்தியச் சட்டத்தின் கண்ணில் அவன் இந்தியன் இல்லை. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) ஊரில் இருக்க உதவும், இந்தியாவுக்கு ஓட உதவாது. 2008 முதல் இந்திய பாஸ்போர்ட் உள்ளவர் மட்டுமே அணியில் இடம்பெறலாம். ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையையும் மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்தது தடகள விதி. ஆப்பிரிக்க ஓட்டக்காரர்களை வளைகுடா நாடுகள் வாரிக்கொண்டு போனதில் 2017இல் நாடு மாறுவதையே உலக தடகள அமைப்பு நிறுத்திவைத்தது. (2018 ஆசியப் போட்டியின் கலப்பு 4x400 தொடரோட்டத்தில் நம் ஆரோக்கிய ராஜீவ் அணியை முந்திய பஹ்ரைன் அணியில் இருந்த கெமி அடெகோயாவும் நைஜீரியாவில் பிறந்தவர்தான். ஊக்கமருந்தில் அவர் மாட்டிய பிறகே தங்கம் இந்தியாவுக்கு வந்தது.) 2018இல் வந்த புது விதிப்படி 20 வயதுக்கு முன் மாற முடியாது, குறைந்தது 3 ஆண்டு காத்திருக்க வேண்டும், ஒரு முறைக்கு மேல் வேறு நாட்டுக்குத் தாவ முடியாது. மாறுவது நிஜமான குடியுரிமையா என்று ஒரு குழு விசாரிக்கும். உங்கள் பையனுக்கு அதில் பயமில்லை, பிறப்பாலேயே பிரெஞ்சுக்காரன்.

கடிகாரம்தான் ஆபத்து. ஒலிம்பிக் சாசனமும் பழைய நாட்டுக்குக் கடைசியாக ஓடிய நாளிலிருந்தே 3 ஆண்டு எண்ணுகிறது. 2026 செப்டம்பரில் நகோயா ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு ஓடினால் 2029 வந்துவிடும், 2028 லாஸ் ஏஞ்சலஸ் கைநழுவும். இரு நாட்டு ஒலிம்பிக் சங்கங்களும் உலக தடகள அமைப்பும் சம்மதித்தால் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தக் காலத்தைக் குறைக்க முடியும். ஆனால் தடகள அமைப்பின் காத்திருப்பு தனி. இடைப்பட்ட காலத்தில் கிளப் போட்டியிலும் தனிநபர் அழைப்புப் போட்டியிலும் ஓடலாம், நாட்டுக்காக மட்டும் கூடாது.

நைஜீரியாவில் பிறந்த பிரான்சிஸ் ஒபிக்வேலு 2001இல் போர்ச்சுகீசியர் ஆகி, 2004 ஏதென்சில் 100 மீட்டரை 9.86இல் ஓடி வெள்ளி வென்றார். அந்த உதாரணத்தை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். பெரிய போட்டியில் ஒரு பந்தயத்துக்கு நாட்டுக்குப் பொதுவாக மூன்று பேர்தான். 2025இல் அனிமேஷ் குஜூர் ஓடிய இந்தியச் சாதனை 20.32, கிறிஸ்தோப் லெமெத்ர் 2011இலேயே பிரான்சுக்கு 19.80 ஓடிவிட்டார். பையன் 21 விநாடியைத் தாண்டியே ஓடுகிறான் என்றால், பாஸ்போர்ட்டைத் தொடாமல் புதுச்சேரி உப்பளம் மைதானத்தில் இன்னும் இரண்டு சீசன் ஓடிப் பார்க்கட்டும்.